அபூ சயீத் வாசித்த காகிதம்

1

போன வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து ஒரு போட்டோ வந்தது. என் தம்பி அனுப்பியிருந்தான். நான் கட்டியிருக்கும் வீட்டின் முகப்பு. சம்பாதித்து அனுப்பியது நான், நின்று கட்டியது தம்பி. முதுகுளத்தூர் பக்கத்தில் எங்கள் நல்லாங்குளத்தில் இரண்டு மாடி வீடு அது ஒன்றுதான். பஸ்ஸில் போகிறவர்கள் தலையைத் திருப்பிப் பார்க்கிறார்களாம். பார்க்கட்டும். ஐந்தாம் வகுப்பில் பாதியிலேயே சிலேட்டை வைத்துவிட்டுச் சித்தாள் வேலைக்குப் போனவன் கட்டிய வீடு அது. யாருடைய தயவிலும் கட்டியதில்லை.

கைப்பிடிச் சுவரில் 'மாணிக்கம் இல்லம்' என்று சிமெண்டிலேயே எழுத்து எடுத்திருக்கிறது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழ உயரம். சுற்றிலும் கொடி ஓடுகிறது. கொடியில் இலை, இலையில் நரம்பு. கொத்து வேலை தெரிந்தவன் பார்த்தால் எழுந்து நிற்பான். அப்படிப் பூச ஷார்ஜாவிலும் ஆள் இல்லை. இது யார் கை என்று தம்பியின் கடிதத்தைப் படிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"முகப்பு வேலை எல்லாம் சுப்பையா அண்ணன். எவ்வளவு சொல்லியும் கூலி வாங்கவில்லை. எனக்காக அரபிகிட்ட மல்லுக்கு நின்ன மனுசன் வீட்டுக்குக் கூலி வாங்குனா வெளங்குமா என்கிறார்" என்று எழுதியிருந்தான்.

போட்டோவைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்ட வேண்டும் என்கிறாள் என் மனைவி. கண்ணாடிக் கடை மூடியிருக்கிறது என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். இங்கே ஷார்ஜாவின் ரோலா பகுதியில் எங்கள் பில்டிங்குக்குக் கீழேயே கண்ணாடிக் கடை. அது மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பது அவளுக்கு ஜன்னலிலிருந்தே தெரியும்.

இதே பத்திரிகையில் முன்பு இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். வந்த புதிதில் தகரக் கொட்டகையில் படுத்தது, பிறகு சொந்தமாக ஆள் வைத்து வேலை எடுத்தது, லைசென்ஸ் எடுத்து வண்டி ஓட்டியது எல்லாம் எழுதினேன். நிறைய பேர் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் விட்டுப்போனது ஒன்று உண்டு.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த நாட்டு நடைமுறை தெரியாது என்பதால் சொல்கிறேன். வெளியாள் ஒருவன் இங்கே தங்கி வேலை செய்ய வேண்டுமென்றால் உள்ளூர்க்காரர் ஒருவர் அவனுக்குப் பொறுப்பேற்க வேண்டும். அவர்தான் கஃபீல். நம் பாஸ்போர்ட் அவர் பெட்டியில் இருக்கும். வியாபார லைசென்ஸ் அவர் பேரில் இருக்கும். நாம் வேறு முதலாளியிடம் போவதென்றால் 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று அவர் காகிதம் தர வேண்டும். என்.ஓ.சி. என்பார்கள். அது இல்லாமல் நகர்ந்தால் குற்றம்.

என் கஃபீல் அபூ சயீத். சின்ன வயதில் முத்துக் குளித்தவர். பிறகு தோணியில் பேரீச்சம்பழம் ஏற்றிக்கொண்டு பம்பாய்க்கும் கராச்சிக்கும் போய் வந்தவர். அவருடைய இந்தி என் இந்தியைவிட நல்ல இந்தி. பனையோலை மாதிரி ஈச்ச ஓலையில் கட்டிய குடிசையில் பிறந்து வளர்ந்தவருக்கு எண்ணெய் வந்த பிறகு அரசாங்கமே வீடு கட்டிக் கொடுத்தது. ஷாபியா வீடு என்பார்கள். மக்கள் வீடு என்று அர்த்தம். வரிசையாக, ஒரே அச்சில், முற்றமும் மதில்சுவருமாக இருக்கும். அந்த வீடுகள் கட்டத்தான் நாங்கள் வந்தோம். ஷார்ஜாவிலிருந்து ராஸ் அல் கைமா வரைக்கும் ரோட்டில் போனால் நான் பூசாத சுவர் குறைவு. ஒரு ஏழைக் கிழவனுக்குச் சாவியைக் கையில் கொடுத்து, இந்தா உன் வீடு, போய் இரு என்று ஒரு சர்க்கார் சொல்வதை நான் இங்கேதான் பார்த்தேன். எங்கள் அப்பா ஒரு பட்டாவுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்தே செத்தார். ஆஸ்பத்திரி இலவசம், பள்ளிக்கூடம் இலவசம், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற பஸ்ஸும் இலவசம். முதலில் எனக்குப் பொறாமையாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அபூ சயீத் எழுதப் படிக்கத் தெரியாதவர். காகித வேலை முழுக்க நான்தான். எனக்கும் அரபி வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்த ஆபீசில் எந்த ஜன்னல், எந்த ஸ்டாம்ப் என்று தெரியும். ஜவாசாத் என்கிற பாஸ்போர்ட் ஆபீசுக்கு வெளியே குடை போட்டு உட்கார்ந்திருக்கும் டைப்பிஸ்டிடம் சொல்லி அடிக்கச் செய்து, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவர் வீட்டு மஜ்லிசில் காப்பி குடிக்கும்போது நீட்டுவேன். வந்தவர்களை உட்காரவைக்கும் அறைக்கு மஜ்லிஸ் என்று பேர். அவர் கட்டைவிரலை மையில் ஒற்றிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"நல்லதுதானே மானிக்?"

"நல்லதுதான்" என்பேன். விரலை வைப்பார். எந்தக் காகிதம், யாருக்கு என்று கேட்டதே இல்லை.

விரல் வைத்த காகிதங்களின் நகல்களை எல்லாம் அவர் வீட்டிலேயே ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். ஆள்கள் தங்கும் கேம்ப் ரூமில் வைத்தால் நாலு பேர் எடுத்துப் பார்ப்பார்கள். வாசிக்கத் தெரியாதவர் வீட்டைவிடப் பத்திரமான இடம் உண்டா என்று எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம்.

3

சுப்பையா எங்கள் ஊர்தான். கண்மாய்க் கரைப் பக்கம் கடைசி வீடு. என்னைவிட நாலு வயது இளையவன். மதுரையில் ஒரே மேஸ்திரியிடம் இரண்டு பேரும் கலவை சுமந்தோம். நான் கணக்கு, ஆள் கட்டுவது, பேச்சு என்று மேலே வந்தேன். அவன் பூசுகிற கரணையைக் கையில் பிடித்தவன் பிடித்தவன்தான். நான் பூசினால் சுவர் மட்டமாக இருக்கும். அவன் பூசினால் சுவர் மேல் தண்ணீர் ஓடினாற்போல இருக்கும்.

அவனுக்கு விசா எடுத்துக் கொடுத்ததும் நான்தான். அதைப் பத்துப் பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். என் மகள் சாந்திக்கு அப்போது ஆறு வயது. லீவு நாளில் வீட்டுக்கு வந்தால் மிச்சக் கலவையில் அவளுக்கு யானை, கிளி செய்து கொடுப்பான். சுப்பையா மாமா என்றால் அவளுக்கு உயிர்.

எண்பத்து நாலு வாக்கில் ஷாபியா வீடுகளைப் பார்வையிட வந்த இன்ஜினியர், ஒரு பாலஸ்தீனக்காரர், என்னைத் தாண்டிப் போய்ச் சுப்பையாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆள்களுக்கு முன்னால். இத்தனை வருடம் இந்த வேலையை எடுத்து நடத்தும் எனக்கு ஒரு சலாம்கூட இல்லை. சிரித்துக்கொண்டேதான் நின்றேன். அவர் சொல்லித்தான் அபுதாபியில் அரண்மனை வேலை செய்யும் ஒரு பெரிய கம்பெனி சுப்பையாவைக் கேட்டது.

அவன் என்னிடம் வந்து, சாரத்துக்குக் கீழே நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். "அண்ணே, நீங்க வேண்டாம்னா போகல. அரபி அந்தக் காயிதம் குடுப்பானாண்ணே?"

"நான் சொன்னா குடுப்பாரு. நீ போய் அவங்க கேம்ப்ல வேலையை ஆரம்பி. காயிதம் பின்னால வரும்" என்றேன்.

நம்பிப் போனான். நான் டைப்பிஸ்டிடம் போனேன். அவர் ஒரு மலையாளி, கண்ணாடி போட்டவர். என்.ஓ.சி.யா என்று கேட்டார். இல்லை என்றேன். ஆள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான் என்று கஃபீல் கொடுக்கும் புகார்க் காகிதம் ஒன்று உண்டு. அதை அடிக்கச் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு அடித்தார்.

ஏன் செய்தேன்? போலீஸ் அவனைப் பிடித்துக் கஃபீலிடம், அதாவது என்னிடம், கொண்டுவந்து விடும், கொஞ்சம் பயந்து போய் வேலையைத் தொடர்வான், மிச்ச வீடுகளும் இன்ஜினியரிடம் பாஸ் ஆகிவிடும் என்று நினைத்தேன். இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருவது இது. நீங்கள் பாதி நம்பினால் போதும். மீதிப் பாதி அந்தக் கைகுலுக்கல்.

வெள்ளிக்கிழமை அபூ சயீத் கேட்டார், நல்லதுதானே மானிக் என்று. நல்லதுதான் என்றேன்.

அபுதாபி சைட்டில் வைத்துச் சுப்பையாவைப் பிடித்தார்கள். என்னிடம் கொண்டுவந்து விடவில்லை. இருபது நாள் உள்ளே வைத்துவிட்டு நேரே விமானம் ஏற்றினார்கள். திரும்ப இந்த நாட்டுக்குள் வரக் கூடாது என்று தடையும் போட்டார்கள். ஏற்றுவதற்கு முந்தின நாள் புதுச் சட்டையும் பேரீச்சம்பழமும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் தாடியோடு நின்றான். சுண்ணாம்பு அரித்த விரல்களால் கம்பியைப் பிடித்திருந்தான்.

"அரபி ஏண்ணே இப்பிடிப் பண்ணுனான்? நான் அவனுக்கு என்னண்ணே கெடுதல் செஞ்சேன்?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. "அவங்க மனசு எப்ப மாறும்னு யாருக்குத் தெரியும்? நான் காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சிப் பாத்துட்டேன்டா" என்றேன்.

அவன் கண் கலங்கிவிட்டது. எனக்காகக் கலங்கியது.

அபூ சயீதிடம் சுப்பையாவின் அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை, அவசரமாக ஊருக்குப் போய்விட்டான் என்றேன். அவர் அந்த அம்மாவுக்காக துவா கேட்டார்.

4

இங்கே வயதானவர்களுக்கும் பள்ளிக்கூடம் வைத்திருக்கிறார்கள். பகலில் பிள்ளைகள் படிக்கும் அதே கட்டிடத்தில் மாலைத் தொழுகை முடிந்ததும் பெரியவர்களுக்கு வகுப்பு. பெண்களுக்குத் தனியாக. புத்தகம், நோட்டு, பென்சில் எல்லாம் சர்க்கார் செலவு. நம் ஊரிலும் முதியோர் கல்வி என்று ஒன்று நடந்தது. அதில் சுப்பையா பேரும் பதிவாகியிருந்ததாம். அந்த வாத்தியார் முகத்தை அவன் பார்த்ததே இல்லை.

அபூ சயீத் வீட்டில் முதலில் படிக்கப் போனது அவர் மனைவி உம்மு சயீத். இரண்டு வருடத்தில் அந்த அம்மாள் மருந்துப் புட்டியில் இருப்பதை எல்லாம் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். ஒருநாள் வாசித்துப் பார்த்தால், இவர் மாதக்கணக்காகக் காதுக்கு விட்டுக்கொண்டிருந்தது கண்ணுக்கு விட வேண்டிய மருந்து. "அதனால்தான் உன் காதுக்குப் பார்வை நன்றாக இருக்கிறது" என்றாராம் அந்த அம்மாள். அபூ சயீதே இதை என்னிடம் சொல்லி, தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். சிரித்தாலும் ரோஷம் வந்துவிட்டது. மறு வாரமே பேரைப் பதிந்துகொண்டார்.

நான் இதை ரோலா டீக்கடையில் சொல்லாத ஆள் இல்லை. கிழவர், பேரன் உட்கார்ந்த பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்து அலிஃப், பா சொல்கிறார் என்று நடித்தே காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவரை என் பிக்கப்பில்தான் கொண்டுபோய் விட்டேன். இரண்டு குளிர்காலம் அப்படிப் போனது. வகுப்பு முடியும் வரை வெளியே வண்டியில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு எதிரான சாட்சியை நானே தினமும் ஏற்றி இறக்கியிருக்கிறேன்.

வழியில் போர்டுகளை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே வருவார். ரொட்டிக் கடை. சலூன். ஒரு சந்து முனையில் பத்து வருடமாக நான் வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரு பலகை உண்டு. அதைக் கூட்டி வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். 'இங்கே வண்டி நிறுத்தாதே' என்று இருக்கிறதாம். நான் அவரைப் பார்த்துச் சிரித்தது போக அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவருடைய வாத்தியார் ஒரு எகிப்துக்காரர். பாடப் புத்தகம் முடிந்ததும், இனி வீட்டில் இருக்கும் காகிதம் எதையாவது எடுத்து வாசித்துப் பழகுங்கள், கரண்ட் பில்லோ ஆஸ்பத்திரிச் சீட்டோ எதுவானாலும் சரி என்றிருக்கிறார்.

அபூ சயீத் வீட்டில் இருந்த காகிதம் அந்த பிஸ்கட் டின்தான்.

5

அந்த வெள்ளிக்கிழமை நான் போனபோது மஜ்லிசில் கம்பளம் முழுக்கக் காகிதமாக இருந்தது. மின்விசிறியில் பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு காப்பிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார். அவரே காப்பி ஊற்றிக் கொடுத்தார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து விரலை வைத்து, பிள்ளைகள் மாதிரி உரக்க வாசித்தார். லைசென்ஸ் புதுப்பித்த காகிதம். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஷாபாஷ் என்றேன். அடுத்தது ஒரு விசா மனு. அதற்கும் ஷாபாஷ் என்றேன்.

மூன்றாவதில் ஒரு போட்டோ குத்தியிருந்தது. எனக்கு அரபி வாசிக்கத் தெரியாவிட்டால் என்ன, போட்டோ தெரியாதா? எண்ணெய் தடவி வகிடு எடுத்த தலை, மதுரை ஸ்டூடியோவில் எடுத்த சுப்பையா.

"கீழே... கைநாட்டு... வைத்திருக்கும்... நான்..." என்று ஆரம்பித்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினார். ஒரு சொல்லில் நின்றார். "ஹா... ரி... ப்." மறுபடியும் முதலிலிருந்து கூட்டினார். "ஹாரிப்." காதில் விழுந்த பிறகுதான் அவருக்கே அர்த்தம் ஆனது. ஓடிப்போனவன்.

விரலைப் போட்டோவுக்கு நகர்த்தினார். "இவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போனவன் இல்லையா?" என்று கேட்டார்.

டைப்பிஸ்ட் மாற்றி அடித்திருப்பான் என்றேன். அவன் கண் தெரியாத ஆள் என்றும் சொன்னேன்.

"இந்தப் பையனை அந்த டைப்பிஸ்டுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"தெரியாதவனை ஓடிப்போனவன் என்று தானாகவே எழுதுவானா?"

 எவ்வளவோ பேரைப் பேசியே சாய்த்தவன் நான். அன்றைக்கு வாயில் காப்பி கசந்தது ஒன்றுதான் தெரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்குச் சுப்பையா ஞாபகம் வரவில்லை. என் விசா, என் லைசென்ஸ், சாந்தியின் ஸ்கூல், இதுதான் ஓடியது. இவர் ஒரு விரல் வைத்தால் அடுத்த விமானத்தில் நான்.

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டைவிரலைத் தூக்கி, புதிதாகப் பார்க்கிறவர் போலப் பார்த்தார்.

"உன்னிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன், மானிக். நல்லதுதானே என்று கேட்பேன்."

ஆமாம் என்றேன்.

"கணக்குக் கேட்கும் மறுமை நாளில் வாயை மூடிவிடுவார்கள். கைதான் பேசும். அன்றைக்கு இந்த விரலைக் கேட்பார்கள். உன்னைக் கேட்க மாட்டார்கள். விரல் என்னுடையது."

பிறகு எழுந்து போய் அவருடைய பள்ளிக்கூட நோட்டை எடுத்து வந்தார். புகார் பொய் என்று என் பங்கை நான் எழுதுகிறேன், உன் பங்கை நீ எழுது என்றார். யார் செய்தது என்று அந்தப் பையனுக்கு உன் கையால் எழுத வேண்டும், அவன் மன்னித்தானா என்று எனக்குச் சொல்ல வேண்டும் என்றார். என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. லைசென்ஸைப் பற்றிப் பேசவே இல்லை. போகும்போது வழக்கம்போல் வாசல் வரை வந்தார்.

6

மறுநாள் நகல் எடுக்க அந்தப் புகார்க் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மேஜை மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். இங்கே நம் ஸ்கூல்களிலும் அரபி ஒரு பாடம். சாந்திக்கு இங்கிலீஷ் பேச்சு, அரபி எழுத்து, தமிழில் என் பேரைக்கூட எழுத வராது. இதற்காக நான் அவளைத் திட்டாத வாரம் இல்லை.

"டாடி, ஹாரிப்னா ரன் அவே தானே?" என்றாள், நான் திரும்பியபோது அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

ஆமாம் என்றேன்.

"இது சுப்பையா மாமா போட்டோ. மாமா எங்க ரன் அவே ஆனாங்க? நீங்க ஊருக்குப் போயிட்டாங்கன்னு சொன்னீங்க?"

இது வேறு யாரோ என்றேன். அவள் போட்டோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஓகே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பிள்ளைகள் நம் பாஷையை விட்டுத் தூரமாகப் போகிறார்கள் என்று இங்கே இருக்கிற தகப்பன்மார் எல்லோரும் குறைப்படுகிறோம். அன்றைக்கு என் மகள் என்னை விட்டுத் தூரமாகப் போனது பாஷையால் இல்லை.

அபூ சயீத் தன் பங்கை எழுத ஒரு வாரம் பிடித்தது. நோட்டிலிருந்து கிழித்த தாள். பென்சிலில் எழுதி, அதன் மேல் பேனாவால் எழுதியிருந்தார். ஜவாசாத்துக்குக் கூட்டிப் போனேன். ஜன்னலில் இருந்த இளைஞர், அவரும் உள்ளூர்க்காரர்தான், தாளைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கினார். டைப் அடித்துக்கொண்டு வாருங்கள் என்றார். அடித்துக்கொண்டு போனோம். மைப் பெட்டியைத் தள்ளினார். அபூ சயீத் அதைத் திரும்பத் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்டார். கையெழுத்துப் போட்டார். அத்தனை நேரமும் பின்னால் வரிசை நின்றது. ஒரு பட்டாணியன் 'யல்லா, யல்லா', சீக்கிரம் என்று முணுமுணுத்தான்.

உள்ளே ஒரு ஆபீசரிடம் அனுப்பினார்கள். அவர் பழைய காகிதத்தையும் புதுக் காகிதத்தையும் பக்கத்தில் வைத்து வாசித்தார். அப்படியென்றால் பொய்ப் புகார் கொடுத்தது நீங்களா என்று கேட்டார்.

நான் பின்னால் கோப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"நான்தான்" என்றார் அபூ சயீத்.

அவ்வளவுதான் சொன்னார். வயதானவர் என்பதால் எழுதி வாங்கிக்கொண்டு, எச்சரித்து விட்டார்கள். அந்த ஆபீசரின் வயது அவர் மகன் சயீதின் வயதுதான் இருக்கும். விரலை ஆட்டி ஆட்டிப் பேசினார். இவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அதன் பிறகு எத்தனையோ தடவை நடந்தோம். இன்று மாஃபி, அதாவது இல்லை, நாளைக்கு வா, ஸ்டாம்ப் இல்லை, ஆள் லீவு. கடைசியில் சுப்பையாவின் தடை நீங்கியது. அவன் பேரில் புது விசாவும் கிடைத்தது. விசாவை என் கையில் கொடுத்து, "இதோடு உன் கடிதமும் போக வேண்டும்" என்றார்.

7

எழுத உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்தேன். மூன்றாவது தாளில் என்ன எழுதினேன் தெரியுமா? 'அரபிக்கு ஒருவழியாக மனசு இறங்கிவிட்டது. நான் விடாமல் பேசிப் பேசி விசா வாங்கிவிட்டேன். உடனே புறப்பட்டு வா' என்று எழுதினேன்.

எழுத வேண்டியது ஒரு வரி. அதை எழுதக் கை வரவில்லை. ஊரில் என் பேர் ஒன்று இருக்கிறது. கோயில் கமிட்டியில் கேட்கிறார்கள், பஞ்சாயத்தில் கேட்கிறார்கள். அந்தப் பேரையும் நான்தான் கட்டினேன், வீட்டைப் போல.

பதில் வந்தது. சுப்பையா சொல்லச் சொல்ல அவன் மகள் தேன்மொழி எழுதியது. முத்து முத்தான கையெழுத்து. 'அண்ணே, உங்க நல்ல மனசுக்கு நான் ஏழு ஜென்மம் எடுத்தாலும் ஈடு கட்ட முடியாது. ஆனா அந்த அரபி கையில திரும்பச் சிக்க எனக்குத் தைரியம் இல்ல. இன்னைக்கும் காக்கிச் சட்டையக் கண்டா கை நடுங்குது, கரணை நிக்க மாட்டேங்குது. விசாவ வேற யாருக்காவது குடுத்துருங்க. என்னைய மன்னிச்சிருங்க' என்று இருந்தது.

அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான்.

அந்த விசா வீணாகிப் போனது. அரண்மனைச் சுவர் பூச வேண்டியவன் நல்லாங்குளத்தில் மாட்டுக் கொட்டகைக்குத் தளம் போட்டுக்கொண்டிருக்கிறான். அந்த நடுங்குகிற கையால்தான் என் பேரை என் வீட்டில் எழுதியிருக்கிறான். வாசிக்கத் தெரியாதவன் என் பேரை எப்படி எழுதினான் என்று தம்பியைக் கேட்டிருந்தேன். மகள் கரியால் சுவரில் வரைந்து கொடுத்தாளாம், அதன் மேல் சிமெண்டு வைத்து எழுப்பினானாம்.

அபூ சயீத் பதில் வந்ததா என்று கேட்டார். வந்தது என்றேன். மன்னித்தானா என்று கேட்டார். மன்னித்துவிட்டான் என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் இப்போது ஐந்தாவது புத்தகம் படிக்கிறார். நான் பள்ளிக்கூடத்தை விட்ட வகுப்பு அது. அந்தப் பையனுக்கு நானே ஒரு கடிதம் எழுதுகிறேன், விலாசம் கொடு என்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எங்கள் ஊர் விலாசம் நீளமானது, எழுதித் தருகிறேன் என்று தள்ளி வைத்திருக்கிறேன். இன்னும் எவ்வளவு நாள் தள்ளுவேன்? அவருக்குப் படிப்பு வந்துவிட்டது. நான் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் பொய் சொல்லிக் காலம் தள்ளுவது இனி நடக்காது.

ஊர் டீக்கடையில் அரபி என்றாலே ஈரம் இல்லாதவன் என்று பேசிக்கொள்கிறார்களாம். சுப்பையா கதையைத்தான் உதாரணம் காட்டுகிறார்களாம். பேசுகிறவர்களே, அந்த மனுஷர் தெரியாமல் வைத்த ஒரு விரலுக்காகத் தன் மகன் வயதுக்காரன் முன்னால் தலையைக் குனிந்து நின்றார். தெரிந்தே செய்தவன் பின்னால் கோப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இந்தப் பத்திரிகை என் தம்பி வீட்டுக்கு வரும். பிரிக்காமல் சுப்பையா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடு என்று அவனுக்கு எழுதியிருக்கிறேன். எப்படியும் பிரித்துவிடுவான். பரவாயில்லை, அவனுக்கும் தெரியட்டும். ஆனால் வாசிக்க வேண்டியவள் தேன்மொழி.

தேன்மொழி, உன் அப்பாவுக்கு வரும் கடிதத்தை எல்லாம் நீதான் வாசித்துக் காட்டுகிறாய். இதையும் அவனை உட்காரவைத்து உரக்க வாசி. ஓடிப்போனவன் என்று எழுதவைத்தது அரபி இல்லை, உன் பெரியப்பா. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னது பொய். விசாவோடு வந்த கடிதமும் பொய். நடுவில் உன் அப்பா நிறுத்தச் சொல்வான். அண்ணன் அப்படிச் செய்யாது, அச்சில் ஏதோ தப்பு என்பான். நிறுத்தாதே. கடைசி வரைக்கும் வாசி.

பிறகு அவன் என்ன சொல்கிறானோ அதை அப்படியே எழுதி எனக்கு அனுப்பு. வசவாக இருந்தால் வசவாகவே எழுது. என் வயதுக்காக ஒரு சொல்லையும் மாற்றிப் போடாதே. அபூ சயீதுக்குத் தமிழ் தெரியாது. அவர் எதிரில் உட்கார்ந்து, உன் கடிதத்தை வரிக்கு வரி நான்தான் சொல்ல வேண்டும்.